அத்தையின் கேமராவைத் திறந்த நாள்

அத்தை வாங்கிய கேமரா சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். முன்பக்கத்து மூடியை விரலால் ஒரு பக்கமாகத் தள்ளினால் லென்ஸ் வெளியே எட்டிப் பார்க்கும். பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தானை அழுத்தினால் உள்ளேயிருந்து கொசு பாடுவது போல மெல்லிய சத்தம் கேட்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபிளாஷ் தயார் என்று அர்த்தம். ஒவ்வொரு படம் எடுத்த பிறகும் கட்டை விரலால் ஒரு பல்சக்கரத்தைத் தள்ள வேண்டும். கர்ர், கர்ர் என்று அது சுற்றி நிற்கும்போது மேலே ஒரு சின்ன ஜன்னலில் எண் ஒன்று கூடியிருக்கும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடு டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில்தான் இருந்தாள். ஏதோ ஒரு அமைச்சக அலுவலகத்தில் ஸ்டெனோ. சம்பள அரியர்ஸ் வந்த மாதம் யாரிடமும் கேட்காமல் பாலிகா பஜாருக்குப் போய் அந்தக் கேமராவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்பா அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "பொம்மை மாதிரி இருக்கு. இதுல படமெல்லாம் விழுமா?" என்று கேட்டார். மறுநாள் மாலை, கீழ் வீட்டு சர்தார்ஜியிடம் அதன் அருமை பெருமைகளை அவரே விளக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தக் கேமராவில் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. எடுத்த படமெல்லாம் எங்கே போகிறது? ஜன்னலில் பன்னிரண்டு என்று காட்டினால் உள்ளே பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அத்தையிடம் கேட்டேன்.

"உள்ளதான் இருக்கு. ஆனா திறந்து பாக்கக் கூடாது. வெளிச்சம் பட்டா படம் போயிடும்."

"படம் எடுக்கும்போது வெளிச்சம் படத்தானே செய்யுது? ஃபிளாஷ் வேற அடிக்கறோம்."

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "துளி வெளிச்சம் பட்டா படம். நிறைய பட்டா ஒண்ணுமில்ல. போதுமா? போய் ஹோம்வொர்க் பண்ணு."

போதவில்லை. துளி என்பது எவ்வளவு, நிறைய என்பது எவ்வளவு என்று அவள் சொல்லவே இல்லையே.

அந்த வருடம் கோடையில் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. ஒரு மாத லீவில் மதுரைக்கு வந்திருந்தார். அந்த லீவுக்குள் நிச்சயம் செய்துவிட வேண்டும் என்று அவர் வீட்டில் அவசரப்பட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போக வேண்டியதில்லை என்றும் பெருந்தன்மையோடு எழுதியிருந்தார்கள். கூடவே மாப்பிள்ளையின் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ வேண்டாம், ஸ்டூடியோவில் எல்லாப் பெண்களும் அழகாகத்தான் இருக்கிறார்கள், வீட்டில் சாதாரணமாக எடுத்த படங்களை அனுப்புங்கள் என்று.

சாதாரணமாகப் படம் எடுப்பதற்காக எங்கள் வீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாடுபட்டது. அம்மா தன் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்துக் கொடுத்தாள். பிறகு அது சாதாரணமாக இல்லை என்று பச்சை நிறச் சில்க் காட்டனுக்கு மாற்றினாள். மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் நான்கு படம், கோயில் தோட்டத்தில் மூன்று படம், வீட்டு வாசலில் தொட்டிச் செடியோடு இரண்டு. சமையலறையில் அத்தை கரண்டியோடு நிற்பது போலவும் ஒரு படம் எடுத்தார்கள். சமையலறைப் பக்கம் அத்தையை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்பாதான் எடுத்தார். ஒவ்வொரு முறையும் "ரெடி" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு வெகுநேரம் கழித்தே அழுத்துவார்.

"கொஞ்சம் சிரியேன்" என்றாள் அம்மா.

"சிரிச்சுட்டுத்தான் இருக்கேன் அண்ணி" என்றாள் அத்தை.

எல்லாம் முடிந்தபோது ஜன்னலில் முப்பத்தொன்று என்று காட்டியது. முப்பத்தாறு படம் எடுக்கலாம். ஐந்து படத்தை வீணாக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. ரெண்டு நாளில் ஏதாவது எடுத்து முடித்துவிட்டுக் கழுவக் கொடுக்கலாம் என்று கேமராவை அலமாரியில் வைத்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. எனக்குக் கோடை விடுமுறை. அப்பாவும் அத்தையும் ஆபீஸ் போய்விட்டார்கள். மதியம் அம்மா கூலரை ஓடவிட்டுத் தூங்கிவிட்டாள். கூலர் போடும் இரைச்சலில் பக்கத்தில் யார் என்ன செய்தாலும் கேட்காது. நான் நாற்காலியில் ஏறிக் கேமராவை எடுத்தேன்.

திறப்பதற்காக எடுக்கவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல்சக்கரத்தைத் தடவினேன். காதில் வைத்துக் கேட்டேன். ஓரத்தில் கீழே இழுக்கும்படியாக ஒரு கொக்கி இருந்தது. துளி வெளிச்சம் போதும், ஒரே ஒரு அத்தையைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன். இழுத்தேன். பின்பக்கக் கதவு டக்கென்று திறந்துகொண்டது.

உள்ளே யாரும் இல்லை. வழுவழுப்பாக ஒரு பட்டை ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதில் அத்தையும் இல்லை, கோயிலும் இல்லை, கரண்டியும் இல்லை. படாரென்று மூடினேன். ஒன்று, இரண்டு எண்ணும் நேரம்கூட ஆகியிருக்காது. மூடிவிட்டு மேலே பார்த்தால் ஜன்னலில் முப்பத்தொன்றைக் காணோம். எண் ஆரம்பத்துக்கே போயிருந்தது. கேமராவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

சாயங்காலம் அத்தை வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவளைப் பால்கனிக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் திட்டவில்லை. கேமராவை வாங்கி அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் போயிடுச்சா அத்தை?"

"தெரியலையே."

"மஸ்கட் மாமாவுக்கு அனுப்ப முடியாதா?"

"யாருகிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன். "சரி. சொல்லாதே. மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றாள்.

மறுநாள் கேமராவை ஆபீஸுக்கு எடுத்துப் போனாள். மாலையில் ஃபிலிம் ரோலைத் தனியாக அப்பாவிடம் கொடுத்து, மீதிப் படங்களைத் தோழிகளோடு எடுத்து முடித்துவிட்டதாகச் சொன்னாள். அப்பா மார்க்கெட்டில் இருந்த ஸ்டூடியோவில் கொடுத்தார். வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் நீளமான பட்டையைக் குழல் விளக்கின் முன் தூக்கிப் பிடித்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கன்னங்கரேல் என்று இருந்தது.

"பூரா காலா, பாய் சாப். கிஸீ நே கோல் தியா" என்றார். முழுவதும் கறுப்பு, யாரோ திறந்துவிட்டார்கள்.

யார் என்று வீட்டுக்கு வந்து அப்பா கேட்டபோது, சொல்லாதே என்று அத்தை சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். அப்பா அடிக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனார். அது அடியைவிட மோசமாக இருந்தது.

"விடுங்க அண்ணி, குழந்தைதானே" என்று அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மறுபடி படம் எடுத்தார்கள். மறுபடி கழுவினார்கள். தபாலில் அனுப்பி, அவை மதுரை போய்ச் சேர்ந்தபோது மஸ்கட் மாப்பிள்ளைக்குத் திண்டுக்கல்லில் பெண் நிச்சயமாகியிருந்தது. அதற்குப் பிறகும் வரன்கள் வந்தன. ஒன்றில் ஜாதகம் பொருந்தவில்லை, ஒன்றில் அவர்கள் பதில் போடவில்லை, ஒன்றில் அத்தை பதில் போட விடவில்லை. கல்யாணம் நடக்கவே இல்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் அம்மா பெருமூச்சு விடுவாள். "அன்னிக்கு மட்டும் அந்தப் போட்டோ ஒழுங்கா போயிருந்தா, இந்நேரம் இவ ரெண்டு பிள்ளைக்குத் தாயா மஸ்கட்ல இருந்திருப்பா" என்பாள். நான் பக்கத்து அறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். என் கல்யாணத்தன்று அத்தை எனக்குத் தலை பின்னிவிட்டபோதுகூட, கண்ணாடியில் அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

போன வருடம்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. இப்போது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஃபிலிம் கேமரா மேல் திடீர்ப் பிரியம் வந்திருக்கிறது. என் மகளும் சாந்தினி சௌக்கில் பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தாள். அதே சோப்பு டப்பா அளவு. ரோல் முடிவதற்குள் ஒரு நாள் தெரியாமல் பின்கதவைத் திறந்துவிட்டாள். எனக்குத்தான் பதறியது. எல்லாம் போச்சு, அழாதே என்று நான் சொல்ல, அவள் அழும் யோசனையிலேயே இல்லை.

"அரே மம்மா, டென்ஷன் ஆகாதே. ஃபிலிம்ல மேல் சுத்து மட்டும்தான் போகும். உள்ள டைட்டா சுத்தியிருக்குல்ல, அங்க லைட் போகாது" என்றாள்.

இரண்டு நாள் கழித்து லேபிலிருந்து அவள் போனுக்குப் படங்கள் வந்தன. கடைசி ஏழெட்டுப் படங்கள் நெருப்புப் பிடித்தது போல ஆரஞ்சாக இருந்தன. மற்றவை எல்லாம் நன்றாகவே இருந்தன. நான் அவள் போனை வாங்கி, ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். குழல் விளக்கின் முன் கடைக்காரர் பிடித்த பட்டை ஞாபகம் வந்தது. ஒன்று, இரண்டு எண்ணும் நேரம் நான் திறந்து மூடியதில் அது முழுவதும் எப்படிக் கறுத்திருக்கும்?

அந்தச் சனிக்கிழமையே மெட்ரோ பிடித்து துவாரகாவில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தாள். ஸ்டெனோவாகச் சேர்ந்தவள் பரீட்சைகள் எழுதி, பெரிய அதிகாரியாகி, பார்த்ததும் நாலு பேர் எழுந்து நிற்கும் நாற்காலியிலிருந்து இறங்கி வந்திருந்தாள். சொந்த ஃபிளாட். ஒரு அறை முழுக்கப் புத்தகம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். மறைக்கவில்லை.

"நான்தான். மறுநாள் ஆபீஸ் மாடி வெராண்டாவுல, லஞ்ச் நேரத்துல, பின்கதவத் திறந்து ஃபிலிம் மொத்தத்தையும் உருவிட்டேன். ரிப்பன் மாதிரி வந்துச்சு. என்ன வெயில் தெரியுமா அன்னிக்கு! அதத் திரும்ப சுத்தி உள்ள விடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"மூணு தடவ சொன்னேன். ஏன்னு கேட்டார். நான் பரீட்சை எழுதியிருக்கேன், வேலைய விட மாட்டேன்னு சொன்னா அது அவருக்கு ஒரு காரணமாவே படல. நல்ல மனுஷன்தான். எங்கப்பா போனதுலேர்ந்து என்னைக் கரையேத்தணும்னு தவிச்சாரு." டீயை ஓரமாக நகர்த்தினாள். "நீ அழுதுட்டு வந்து சொன்னியா, எனக்கு வழி கிடைச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா நீ அடி வாங்குவேன்னு நினைக்கல. சொல்லாதேன்னுதானே சொன்னேன்? கேமராவே மக்கர் பண்ணிடுச்சுன்னு முடிஞ்சுடும்னு பாத்தேன்."

"என்னாலதான் உங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னு நினைச்சுட்டிருந்தேன் அத்தை. இத்தன வருஷமா."

அத்தை என்னைப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததே இல்லை. "நீயா? அச்சச்சோ... அது உனக்கு மறந்தே போயிருக்கும்னுல்ல நினைச்சேன்" என்றாள். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முதுகில் கையை வைத்து, வெகுநேரம் எடுக்கவே இல்லை. நாற்பது வயதில் அப்படி அழுததற்கு எனக்கு வெட்கமாக இல்லை.

திரும்பி வரும்போது மெட்ரோவில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் கோடையில் நடந்த இன்னொன்றை நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு வேறு பெண் நிச்சயமான செய்தி மதுரையிலிருந்து வந்து வீடே இழவு வீடு மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறு அத்தை என்னை மட்டும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் இந்தியா கேட் போனாள். புது ரோல் போட்டிருந்தாள். ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கினாள். புல்வெளியில் நின்று கேமராவை என் கையில் கொடுத்து, "எடு, பயப்படாதே" என்றாள். நான் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தை துப்பட்டா பறக்கப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவ்வளவு பேர் சொல்லியும் வராத சிரிப்பு. பாவம், நான் வருத்தப்படக் கூடாதென்று எப்படிச் சிரித்துக்காட்டுகிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். ஒழுங்காகப் பார்க்கக்கூட முடியாமல், கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.