வேலம்மா கட்டிய வரி, ஏ ஏ மோ பெயரில்

நரேஷ் பாங்காக்குக்குப் புறப்பட்டது 2024 மார்ச் 14, வியாழக்கிழமை. பர்மாவில் கட்டாய ராணுவச் சேவைக்கு இளைஞர்களை எடுக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவனுக்கு இருபத்துமூன்று வயது. மாலை விமானம். காலையில் அம்மாவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போனான். மாவுக்கடையின் பழைய வரி பாக்கியை முழுக்கக் கட்டி, ரசீதை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினான்.

அந்த அம்மா என் அத்தை வேலம்மா. நகரத்தின் தாகேதா பகுதியில் இட்லி மாவு அரைத்து ஐந்து சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். ஆறு வருடம் பினாங்கு, துபாய் என்று அலைந்துவிட்டு நரேஷ் போன மறு ஆண்டு நான் திரும்பியபோது, மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத நிலை. கிரைண்டர் பாதியில் நின்றுவிடும். மாவு புளித்துப் போகும். ஜெனரேட்டர் டீசலுக்கே வருமானம் போய்விடும். சோலார் வாங்க வங்கிக் கடன் கேட்டாள். மறுத்துவிட்டார்கள்.

வங்கியில் இருந்த அப்ஸானாவுக்குத் தமிழ் தெரியும். திரையைத் தன் பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டு, மெதுவான குரலில் விளக்கினாள். கடையின் உரிம எண்ணைத் தட்டினால், கடன் தகவல் அறிக்கையில் வரி பாக்கி இன்னும் நிற்கிறது. உரிமம் வேலம்மா பெயரில். ரசீதோ ஏ ஏ மோ பெயரில். அத்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ஆசிரியை வைத்த பர்மியப் பெயர் அது. அடையாள அட்டையில் அதுதான் இருக்கிறது. உரிமம் வாங்கிய நாளில் பெயர் என்ன என்று கேட்டதற்கு, தெருவில் எல்லோரும் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நரேஷ் அட்டையைக் காட்டிக் கட்டிய பணம் ஏ ஏ மோவின் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது.

"காசையும் கட்டிட்டு, கடன்காரியாவும் நிக்கணுமா?" என்றாள் அத்தை.

இரண்டு பெயரும் ஒருத்திதான் என்று வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டும், அதற்கு வார்டு அலுவலகத்தின் சான்றுக் கடிதம் வேண்டும் என்றாள் அப்ஸானா. அத்தையின் முகம் மாறியது. கடிதம் கேட்டால் வீட்டுக் குடும்பப் பட்டியலை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதில் நரேஷின் பெயர் இருக்கிறது. வீட்டில் நரேஷ் இல்லை. ராணுவ வயதுப் பையன் எங்கே என்று கேட்பார்கள்.

மூன்று வாரம் அவள் போகவில்லை. அதற்குள் இரண்டு கடைகள் வேறு இடத்தில் மாவு வாங்கத் தொடங்கின. நான் இணையத்தில் வேறு வழி தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. பையன் பக்கத்து ஊர் கியாக்தானில் மீன் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்லலாம் என்றேன். மீனுக்கு அவன் முகத்தைச் சுளிப்பது தெரு முழுக்கத் தெரியுமே என்றாள். ஒரு திங்கட்கிழமை, என்னிடம் சொல்லாமலே புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

வார்டு அதிகாரி, ஊ தான் மியின் என்பவர், பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. மகன் எங்கே என்று கேட்டார்.

"பாங்காக்லே, சயாஜி. ஹோட்டல்லே தட்டு கழுவுறான். நீங்களே போய்க் கூட்டிட்டு வந்தாக்கூட எனக்கு நல்லதுதான், மாவு தூக்க ஆளில்லே." இதை அத்தை பர்மிய மொழியில், சயாஜி என்று மரியாதையாகக் கூப்பிட்டு, காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. கடிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து, இரண்டு வரி எழுதி மூடி வைத்தார்.

வெளியே வந்து சைக்கிள் டிரிஷாவில் ஏறியதும் அத்தை, "என்னடி எழுதினாரு?" என்று கேட்டாள். வீடு வரும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

உறுதிமொழிப் பத்திரம் எழுதி, வரி அலுவலகத்திலும் வங்கியிலும் கொடுத்தோம். பிறகு காத்திருப்பு. அறிக்கையில் திருத்தம் எப்போது வரும் என்று கேட்டால் மேலே அனுப்பியாகிவிட்டது என்றார்கள். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே அத்தை எழுந்து நிற்பாள். நரேஷ் தொலைபேசியில் கூப்பிடும்போது வார்டு அலுவலகம் போனதைப் பற்றி அவள் அவனிடம் சொல்லவேயில்லை. ஆகஸ்டில் ஒரு கிரைண்டரை விற்றாள். மூன்று கடைகள் இரண்டாயின. வேறு வேலைக்கு எங்கேயாவது போய்விடலாமா என்று எனக்கே தோன்றிய நாட்கள் உண்டு. இவளைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இருந்துவிட்டேன்.

நோட்டில் எழுதியது என்ன என்று இன்றுவரை தெரியாது. யாரும் வரவில்லை.

கடிதம் வாங்கி ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை அப்ஸானாவிடமிருந்து என் எண்ணுக்குச் செய்தி வந்தது: "அக்கா, அத்தை பேர்லே இருந்த வரி பாக்கியை அறிக்கையிலேர்ந்து எடுத்துட்டாங்க. இப்பத்தான் பார்த்தேன். சோலார் கடனுக்கு மனு வாங்குறது இந்த வெள்ளிக்கிழமையோட நிறுத்துறாங்க. நாளைக்கே அவங்களைக் கூட்டிட்டு வாங்க."