கழிவு போக எழுபத்தாறு

எனக்குக் குடலிறக்கம் வந்தது கடலை மூட்டையைத் தூக்கியதால் என்று நான் சொல்வேன். அந்த மூட்டையில் பாதியைத் தின்றதால் என்று என் மனைவி சொல்வாள். அப்போது அரூரில் பொரிகடலைக் கடை வைத்திருந்தேன். வியாபாரம் இல்லாத நேரத்தில் வாய் சும்மா இருக்காது. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வந்து, இருமினால் உயிர் போனது. தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் என்னைத் தராசில் ஏற்றி, "எண்பத்தாறு கிலோ. இந்த வயித்துல கத்தி வச்சா தையல் நிக்காதுங்க. எழுபத்தாறுக்கு வாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார். அதற்குள் குடல் முறுக்கிக்கொண்டால் பிழைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள்.

"எடை எப்பெப்போ பாக்கணும் ஐயா?" என்று கேட்டேன்.

"மாசத்துக்கு ஒருக்கா பாத்தா போதும். தெனம் பாத்தா மண்டை காஞ்சிடும்."

நான் எட்டாவதுவரை படித்தவன். ஆனால் இதில் மட்டும் டாக்டரைவிட எனக்கு அறிவு அதிகம் என்று நினைத்தேன். ஆண்டவரைத் தினம் மூன்று வேளை நினைக்கிறவன், எடையை மாதம் ஒருமுறை நினைத்தால் எப்படிக் குறையும்?

மூன்றாம் நாள் விபூதிப் புதன். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் தொடங்குகிறது. வருஷா வருஷம் வெள்ளிக்கிழமை மட்டும் ஒருசந்தி இருந்தவன், இந்த முறை நாற்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடுதான் என்று நேர்ந்துகொண்டேன். மாதா கோயிலில் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு நேராக என் கடைக்கு எதிரே இருந்த புளி மண்டிக்குப் போனேன். மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அங்கே இருந்தது.

"ஆடாம நில்லுங்கணா" என்றார் எடைக்காரர். முள் அவர் பக்கம் இருந்தது. நான் கண்ணை மூடி ஓர் 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொன்னேன்.

"எம்பத்தி மூணு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. சோமவாரம் எண்பத்தாறு, புதன்கிழமை எண்பத்து மூன்று. இன்னும் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. நெற்றியில் சாம்பல் பட்டதும் மூன்று கிலோவை ஆண்டவரே எடுத்துக்கொண்டார் என்று நம்பினேன். வீட்டில் சொன்னபோது மனைவி, "அப்ப தெனம் பூசிக்கிட்டு வாங்க, ஈஸ்டருக்குள்ள காணாமப் போயிடுவீங்க" என்றாள்.

அன்றிலிருந்து தினம் காலையில் குளித்த கையோடு மண்டி. அரை கிலோ இறங்கியிருந்தால் வருகிறவர்களுக்குக் கொசுறாக ஒரு பிடி கடலை கூடப் போடுவேன். கால் கிலோ ஏறியிருந்தால் வீட்டுக்குப் போய், களியில் உப்பு ஏன் இவ்வளவு என்று சண்டை பிடிப்பேன். சாயங்காலமும் ஒருமுறை பார்த்தேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தேன், குடிக்காமலும் பார்த்தேன். வெள்ளி அரைஞாணைக் கழற்றினேன். கழுத்திலிருந்த, மாதா படம் தைத்த உத்தரியத்தின் மேல் கை போனபோது மட்டும் வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

"தராசுல ஏறி எறங்கறது நீங்க, அடி விழறது எங்க மேல" என்றாள் மனைவி.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதை மறைக்க மனம் வரவில்லை. "சாமி, ஒருசந்தி ஆண்டவருக்காக இருக்கிறேனா தராசுக்காக இருக்கிறேனா தெரியல" என்றேன். சாமியாரும் கனத்த சரீரம். பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு மெதுவாக, "எவ்வளவு குறைஞ்சது?" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை எடைக்காரர், "எழுவத்தாறுணா" என்றார். மறுநாள் துணிப்பையில் வேட்டி, துண்டு, ஜெபமாலையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு தர்மபுரி பஸ் ஏறினேன். படுக்கிறதுக்கே தயாராகப் போனேன்.

டாக்டர் தராசில் ஏற்றினார். "எழுபத்தொம்பது."

"இல்லீங்க ஐயா, நேத்து மண்டியில எழுபத்தாறு."

"நீங்க என்ன புளியா? இன்னும் மூணு கிலோ. போயிட்டு வாங்க."

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி துணிப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்து உருட்டிக்கொண்டே வந்தாள். அது கேலி பேசுவதைவிட மோசம். இறங்கியதும் நேராக மண்டிக்குப் போய், உங்கள் தராசு பொய் சொல்கிறது என்றேன். எடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் தராசு பேர்ல பழி போடாதீங்கணா. சாக்குக்கு ஒண்ணு, கொட்டை நாருக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு. மூணு கழிச்சுத்தான சொல்லுவேன்? எல்லாருக்கும் அதான் வழக்கம்."

"எனக்கு ஏதுய்யா சாக்கு?"

"வேட்டி பனியன் இல்லியா? குளிச்சிட்டு ஈரத்தோடதான வந்தீங்க?"

"கொட்டை நாரு?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது பொதுவா கழிக்கிறதுங்கணா."

அவர்மேல் குற்றமில்லை. மண்டியில் கழிவு போகத்தான் எடை சொல்வார்கள். எதிரில் பதினைந்து வருஷம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன் நான். என் மேனியில் நடந்த முதல் அற்புதம் என்று நான் நினைத்தது, புளிக்குச் சேரவேண்டிய தள்ளுபடி.

ஈஸ்டர் அன்று வீட்டில் ஆட்டுக்கறி கொதித்தது. எல்லாருக்கும் தபசுகாலம் முடிந்தது, எனக்கு முடியவில்லை. மனைவி தட்டில் ஒரு துண்டு மட்டும் வைத்தாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவளும் வைக்கவில்லை. அந்த வாரமே புளி வரத்து நின்று, தராசைச் சாக்குப் போட்டு மூடிவிட்டார்கள். முதல் பத்து நாள் காலையில் எழுந்தால் அன்றைக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் தவித்தேன். பிறகு பழகிவிட்டது. ஒருவேளைச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். மந்திரம் சொல்லும்போது மனம் முள்ளைத் தேடவில்லை.

ஒரு மாதம் கழித்து மனைவியோடு மறுபடி பஸ். டாக்டர் ஏற்றியபோது நான் கண்ணை மூடவில்லை. முள்ளை நானே பார்த்தேன். எழுபத்தைந்தரை.

"இந்தத் தடவ எங்க எடை பாத்தீங்க?"

"எங்கயும் பாக்கலீங்க."

"அப்ப வியாழக்கிழமை வச்சுக்கலாம்" என்றார் டாக்டர். வெளியே வந்து சொன்னபோது என் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் என்னைக் கேலி செய்தவள், எவ்வளவு பயந்துபோயிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.