செபமாலை மாதத்து ஹாக்கி

என் மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நான் அவளிடம் ஒரு பொய் சொன்னேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லாத தகப்பன் இல்லை. ஆனால் நான் அதை மாதாவின் பெயரால் சொன்னேன். அது பலிப்பதுபோலத் தெரிந்தபோது உள்ளூரப் பெருமைப்பட்டும் கொண்டேன். இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இனியும் அதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கனடாவில் நாங்கள் இருக்கும் மொன்றியலுக்கு ஐஸ் ஹாக்கி திரும்பி வந்த வருடம் அது. முந்தைய குளிர்காலம் முழுவதும் வீரர்களுக்கும் முதலாளிமாருக்கும் தகராறு. ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. ஆகவே அந்த ஒக்டோபரில் பேருந்துச் சாரதி முதல் மூலைக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அதே பேச்சு. மகளின் பிரெஞ்சுப் பாடசாலையில் காலை மணி அடிக்கும்வரை பிள்ளைகள் முதல்நாள் ஆட்டத்தைத்தான் அலசுவார்கள். இரண்டு வருடமாக அந்த முற்றத்தில் தனியாக நின்றவள் என் மகள். நகரத்து அணியின் வீரர்களை இலக்கத்தோடு ஒப்புவிக்கத் தொடங்கிய பிறகுதான் அவளை யாரோ கூப்பிட்டுப் பேசினார்கள். அது எனக்கு அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

ஏனென்றால் ஒக்டோபர் செபமாலை மாதமும்கூட. எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த யாழ்ப்பாண, மன்னார்க் குடும்பங்கள் ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு வீட்டில் கூடும். ஏழு மணிக்குத் தொடங்கினால் செபமும் பாட்டும் முடிய எட்டேகால் ஆகும். பிறகு ரோல்ஸ், தேத்தண்ணி. முன்னின்று செபம் சொல்பவன் நான். மன்னாரில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவன், டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்குகிறவனாக மாறியிருந்தேன். அந்த ஒரு மாதம் மட்டும் எல்லோரும் என்னை மறுபடி ‘மாஸ்டர்’ என்று அழைத்தார்கள். கடைசியில் ஒரு வேண்டுதலைத் தவறாமல் சேர்ப்பேன்: கடலுக்குப் போய்த் திரும்பாத என் தம்பிக்காக. போய் எட்டு வருடமாகியிருந்தது. மகள் அவனைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள். சித்தப்பா என்றால் அவளுக்கு ஒரு செபம்.

மாதத் தொடக்கத்தில் ஒருநாள் அவள் சப்பாத்துப் போட மறுத்துவிட்டாள்.

“நான் வரேல்லை. இண்டைக்கு மாட்ச்.”

“மாஸ்டற்ற பிள்ளை வராட்டி சனம் என்ன சொல்லும்?”

“சனத்துக்கும் மாட்ச் பார்க்கத்தான் விருப்பம். மாமா காருக்குள்ள இருந்து ரேடியோ கேட்டிட்டுத்தானே உள்ள வாறவர்?”

அது உண்மை. புரோசார்ட்டில் இருந்து பாலம் கடந்து வரும் என் மச்சான், கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்ற சாட்டில் செபமாலையின் முதல் பத்து மணிகளின் செபத்தைத் தவறவிடுவது வழக்கம். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் கெட்டித்தனமும் வந்தது.

“நீ வந்து முழங்காலில இருந்து ஒழுங்காச் செபிச்சா மாதா அவங்களை வெல்ல வைப்பா. வராட்டி, பேந்து என்னைக் கேக்காதே.”

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு குனிந்து சப்பாத்தைப் போட்டாள்.

அன்று அணி கடைசி நிமிடங்களில் கோல் அடித்து வென்றது. அடுத்த ஆட்டத்திலும் வென்றது. ஒருமுறை நடந்ததை வைத்து விதி எழுதாதே என்று எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன்! அதைச் சொன்ன வாய் மூடிக்கொண்டிருந்தது. ஆட்ட நாட்களில் என் மகள் முதல் ஆளாகப் போய், கம்பளத்தில் முழங்கால் மடித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு செபித்தாள். “மாஸ்டர், உங்கட பிள்ளையைப் போல பக்தியான பிள்ளையை இந்த ஊரில காணேலாது” என்றார்கள் மற்றத் தாய்மார். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

மாத நடுவில் மச்சான் வீட்டில் செபமாலை. செபமாலையின் ஐந்து பகுதிகளில் நான்காம் இரகசியம் சொல்லும்போது அவள் சோபாவில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். அன்று அணி படுதோல்வி அடைந்தது.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போகுமுன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் பள்ளிப் பையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

“நான் நித்திரை கொண்டபடியாத்தானே அப்பா?”

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். நான் சொன்னது இதுதான்: “இனிக் கவனமா இரு.”

பொய் சொன்னது பிழை என்றால், இது பாவம். இத்தனை வருடத்தில் நான் அதை ஒரு குருவானவரிடமும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து என் மனைவி மகளுக்குச் சட்டை மாற்றும்போது மேல்கையின் உட்புறத்தில் நீலத் திட்டுகளைக் கண்டாள். பள்ளியில் யாரோ அடிக்கிறார்கள் என்று பயந்து அரைமணி நேரம் விசாரித்தாள். பிறகு சமையலறைக்கு வந்து, நான் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை என் கையில் இருந்து பறித்து வைத்தாள்.

“தன்னைத் தானே கிள்ளியிருக்கிறாள். செபத்தில நித்திரை வராம இருக்க.”

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“ஹாக்கியோட நிக்கேல்லை. சித்தப்பா வராததும் தான் ஒழுங்காச் செபிக்காததாலதானாம். சின்னனில கனநாள் நித்திரை கொண்டிட்டனாம் எண்டு அழுறாள். நீங்கள் அங்க பிள்ளையளுக்குப் படிப்பிச்சது கணக்கோ, வேற என்னவோ?”

“நான் விளையாட்டுக்கு…”

“என்னட்டச் சொல்ல வேண்டாம். அங்க போய்ச் சொல்லுங்கோ.”

மகள் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு இருந்தாள். நான் தரையில் இருந்தேன்.

“அப்பா சொன்னது பொய்” என்றேன்.

“எது?”

எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாணயத்தை எடுத்துச் சுண்டிக் காட்டினேன். தலை விழுவதற்கும் நாங்கள் முழங்காலில் இருப்பதற்கும் தொடர்பில்லை, அணி வெல்வதும் தோற்பதும் அதைப்போலத்தான் என்று விளக்கினேன். நல்ல பாடம். பிள்ளை மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப சித்தப்பாவுக்கு ஏன் செபிக்கிறம்?”

“அது வேற.”

“என்ன வேற?”

உயர்தர வகுப்பில் எந்த மாணவனும் என்னை இப்படி மடக்கியதில்லை. தெரியாது என்று சொன்னேன். அந்த மாதத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் நேர்மையான சொல் அதுவாக இருக்கலாம்.

சொல் மட்டும் போதாது என்று பட்டது. ஒக்டோபரின் கடைசி வாரத்தில் மச்சானைப் பிடித்து ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். செபமாலை எங்கள் வீட்டில் நடக்கவிருந்த மாலை அது.

“அத்தான், உங்கட வீட்டுச் செபமாலைக்கு நீங்களே இல்லையோ? நான் கார் நிப்பாட்டப் போனதுக்கு என்னென்ன பேச்சுப் பேசினீங்கள்!” என்று மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார்.

“சனம் கேட்டா என்ன சொல்ல?”

“உண்மையைச் சொல்லுங்கோ. ஒருத்தரும் நம்பமாட்டினம்.”

மனைவி செபம் சொல்ல ஒப்புக்கொண்டாள். வந்தவர்களிடம் அவள் ஒன்றும் மறைக்கவில்லை. அடுத்த வருடம் அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. ‘மாஸ்டர்’ என்ற அழைப்பும் மெல்ல மெல்லக் குறைந்தது. அது எனக்கு வலித்தது, அந்த வலி எனக்கு வேண்டியதுதான்.

எங்கள் இருக்கை கூரைக்குக் கிட்ட இருந்தது. கீழே வீரர்கள் தீப்பெட்டி உயரம். மகள் ஒவ்வொருவரையும் இலக்கத்தால் எனக்கு அறிமுகப்படுத்தினாள். கடைசிப் பகுதியில் இரண்டு அணிக்கும் சமமான கோல்கள். இருபதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். அவள் ஆட்டத்தை விட்டு என் முகத்தைப் பார்ப்பது தெரிந்தது.

“அப்பா, செபிக்கிறியளா?”

என் உதடுகள் அசைந்துகொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன்.

“ஓம்.”

“விடுங்கோ அப்பா,” என்றாள், வயதானவரைச் சமாதானப்படுத்துவதுபோல என் கையைத் தட்டி. “அவங்கள் தாங்களே விளையாடட்டும்.”

அணி தோற்றது. அவள் தோளைக் குலுக்கினாள். மெட்ரோவில் இரண்டு நிறுத்தம் போகுமுன் என்மேல் சாய்ந்து, வாயைத் திறந்தபடி நித்திரையாகிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செபமாலைக்கு வந்தாள், வராமலும் விட்டாள், நாங்கள் கேட்கவில்லை. பதினாறு வயதில் அடியோடு நிறுத்திக்கொண்டாள். என்னோடு கோபமில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், ஆட்டம் இருந்தால் சேர்ந்து பார்ப்போம். தம்பியின் நினைவு நாளில் மட்டும் கோவிலுக்கு வந்து, கண்ணைத் திறந்தபடி என் பக்கத்தில் நிற்பாள்.

ஹாக்கியில் வெல்ல அப்பா மாதாவைப் பிடித்த கதையைத் தன் கணவரிடம் அவள் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். கூரைக்கடியில் அன்று நான் செபித்தது ஒரு கோலுக்காக என்றுதான் அவள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்; என் உதட்டில் இருந்தது தம்பியின் பெயர்.