வெள்ளை மருந்தும் கல்யாணப் போஞ்சியும்

மண்ணெண்ணெய் நெடியோடு டிங்சர் வாடையும் சேர்ந்தாற்போல... பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், களையைக் கொல்லும் புல்லு மருந்து டின்னைத் திறந்தால் அதுதான் முதலில் மூக்கில் ஏறும். அறுபதுகளின் தொடக்கம். புல் செதுக்கும் சுரண்டியை வைத்துவிட்டு முதுகில் ஸ்ப்ரே டேங்க் மாட்டப் பழகிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கங்காணி கருப்பையா, தை பிறந்ததும் எனக்கு மாமனார் ஆக வேண்டியவர். மகள் கல்யாணப் பந்திக்கென்றே தான் குடியிருந்த வரிசை வீடான லயத்தோரம் போஞ்சி போட்டிருந்தார். நீங்கள் பீன்ஸ் என்பீர்களே, அதுதான். காலையும் மாலையும் கொடியைத் தடவிப் பார்ப்பார்... என்னைக்கூட அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

மருந்து இரண்டு வகை. ஒன்று தண்ணீரில் ஊற்றினால் ஊற்றின இடம் தெரியாது. தேயிலைக்கும் லயத்துக்கும் பக்கத்தில் அதைத்தான் அடிக்க வேண்டும். ஆனால் அடித்த கையோடு மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று எண்ணெய் சேர்ந்தது. தண்ணீரில் விழுந்ததும் பாலாக வெளுக்கும். இலையில் ஒட்டிக்கொண்டால் மழைக்கு லேசில் போகாது. வெயில் ஏறினால் அதன் ஆவி கிளம்பிப் பக்கத்துப் பயிரையும் பிடிக்கும். தூரத்து ரோட்டோரத்துக்கு மட்டும்தான் அது என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா சொல்லியிருந்தார்.

லயத்தோரம் தெளிந்த மருந்தை அடித்தோம். பிற்பகலே மழை. அடுத்த வாரம் புல் எங்களைப் பார்த்துச் சிரித்தது. மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தண்ணி கலங்கவே இல்ல... இதெல்லாம் ஒரு மருந்தாப்பா? வெள்ளைய எடுங்க!"

"கண்டாக்கையா வேணாம்னாருங்களே மாமா..."

"அவரா வந்து புல்லு புடுங்கப் போறாரு? ஊத்துங்க மாப்ளே."

புல் சுருண்டது. மாமா மீசையைத் தடவிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் போஞ்சியும் சுருண்டது. நுனியெல்லாம் முறுக்கிக்கொண்டு, பூவெல்லாம் உதிர்ந்து... மனுஷன் கொடியடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எம்புள்ள கல்யாணத்துக்கு எலையில என்னத்த வைப்பேன்?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலை அவர் வாசலில் கூடை கூடையாகக் காய். மேல் லயத்துப் போஞ்சி, கீழ் லயத்துப் பூசணி, ஆற்றோர வீட்டு முள்ளங்கி... அவர் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டிருக்கவில்லை. அத்தை கூடைகளைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுக் காயி மட்டுந்தாங்க இல்ல" என்றார். மாமா அழுதுகொண்டே சிரித்தார்.

பந்தியில் ஒவ்வொருவரும் "இது எங்க வீட்டுக் காயி, நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறினார்கள். அந்தச் சாம்பாரை எப்படி மறப்பேன்!

போன வாரம் பேத்தி கல்யாணம், ஹட்டனில், மண்டபத்தில். கேட்டரிங் சாப்பாடு. ருசிக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. இலையில் போஞ்சிப் பொரியல் விழுந்ததும் என் மனைவி மெல்ல என் பக்கம் சாய்ந்தாள்.

"இது யாரு வீட்டுக் காயிங்க?"

எனக்குத் தெரியவில்லை.