நேசன் அண்ணை கழற்றிக்கொண்டு போன விரல்கள்

நஸீரின் குரற்பதிவு வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். இடைவேளையில்தான் காதில் வைத்துக் கேட்டேன். "ரீச்சர், நேசன் அண்ணை மோசம் போயிட்டார். விடிய, மேசைக்கு முன்னாலை, கதிரையிலை இருந்தபடியே உயிர் போயிட்டுது..." கடைசியில், "என்ரை பெடலும் அவரிட்டைதான் கிடக்கு" என்று முடிந்தது. எங்கள் இசைக்குழுவில் டிரம் அடிப்பவன் நஸீர். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகப் பிறகு மிகவும் வெட்கப்பட்டான். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். செய்தியைக் கேட்டதும் நான் முதலில் பார்த்தது என் இடது கையை.

நேசன் அண்ணையை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். யாழ்ப்பாண நகரில் பல் கட்டிக் கொடுக்கும் அறையொன்றை நெடுங்காலம் வைத்திருந்தவர். பின்னேரங்களில் எங்களோடு கிற்றார் வாசித்தவர். பொய்ப்பல்லின் முரசை, அதாவது ஈறை, வார்க்கும் அதே இளஞ்சிவப்புக் கலவையில் கிற்றார்க் கம்பி மீட்டும் பிக் வார்ப்பார். சைக்கிள் பிரேக் கட்டையையும் ஒரு பழைய ஸ்பிரிங்கையும் சேர்த்து, கிற்றாரின் கழுத்தில் மாட்டிச் சுருதி கூட்டும் கவ்வி செய்வார். தைக்கிற மெஷினின் மிதியை டிரம்முக்குக் கால்பெடலாக்குவார். இதை வாசிக்கும் உங்களில் பலரிடமும் அவர் செய்த ஏதாவது ஒன்று இருந்திருக்கும். இப்போது இருக்காது. தந்ததைத் திருப்பி எடுப்பதுதான் அவருடைய வழக்கம். நன்றாக வேலை செய்கிறது என்று நாங்கள் சந்தோஷப்படத் தொடங்கும் நேரம் பார்த்து வந்து நிற்பார். "ஒரு சின்ன வேலை கிடக்கு. கொண்டுபோய்ச் செய்துகொண்டு வாறன்."

எப்போது தருவீர்கள் என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "இந்தக் கிழமைக்குள்ளை."

நெல்லியடியில் ஒரு கலியாண வீட்டில் நடந்ததை அங்கே இருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அவர் ஒரு சிறிய ஸ்பீக்கரோடு பல் வைத்தியர்கள் எச்சில் உறிஞ்சப் பாவிக்கும் குழாயைப் பொருத்திக் கொண்டுவந்திருந்தார். கிற்றாரின் ஒலி குழாய் வழியே அவர் வாய்க்குள் போகும். வாயை அசைத்தால், மைக்கில் கிற்றாரே பேசுவது போலக் கேட்கும். "ஊரிலை எல்லாற்றை வாயையும் பார்த்தாச்சு, இனி என்ரை வாய்க்கு ஒரு வேலை குடுப்பம்" என்றார். ஐயர் இன்னும் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மைக் நிற்பாட்டியிருக்கிறது என்று நினைத்து நேசன் அண்ணை மெதுவாகச் சோதித்துப் பார்த்தார். மண்டபம் முழுவதும் கிற்றார் தெளிவாகச் சொன்னது: "சாப்பிட வாங்கோ."

பின்வரிசைகள் இரண்டும் எழும்பிவிட்டன. பந்திக் கதவடியில் நெரிசல். தாலி கட்டும்போது பெண்ணின் பெரியப்பா கையில் வாழையிலையோடு நின்றார். பிறகு அவர் வந்து, "ஐசே, உம்மடை கிற்றாருக்குப் பசிச்சால் அதுக்கு முதல் போடும்" என்று கத்தினார். நாங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நேசன் அண்ணை மட்டும் குழாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "சத்தம் வந்தது சரி. 'ழ', 'ள' ரெண்டும்தான் இன்னும் பிடிபடேல்லை" என்றார்.

என் கதைக்கு வருகிறேன். அரியாலையில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்தபோது உடைந்த கண்ணாடி என் இடது உள்ளங்கையைக் கிழித்தது. காயம் ஆறியது. மோதிர விரலும் சின்ன விரலும் பிறகு மடங்கவே இல்லை. சுண்ணக்கட்டி பிடிக்கும் கை வலது கை என்பதால் பாடசாலையில் ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. கிற்றாரை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். வீட்டில், "அதுதான் பாட்டுக் கேக்கலாமே" என்றார்கள். கேட்கலாம்தான். வாசித்தவளுக்குக் கேட்பது எப்படியிருக்கும் என்பதை அவர்களுக்கு என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை. பாட்டு ஓடும்போதெல்லாம் மடங்காத இரண்டு விரல்களும் இடம் தேடிக்கொண்டிருக்கும்.

நேசன் அண்ணை ஒருநாள் கேட்காமலே வந்தார். திண்ணைக் குந்தில் இருத்தி, பல்லுக்கு அளவெடுக்கும் களியை ஒரு கோப்பையில் குழைத்து, என் விரல்களை அதற்குள் விடச் சொன்னார். மின்ட் வாசம் வந்தது. களி இறுகியதும் விரல்களை உருவி எடுத்துவிட்டு, கை பழகிய பழக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். "கொப்பளிச்சுத் துப்பும் பிள்ளை." இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். விபத்துக்குப் பிறகு அந்தக் கையைப் பார்த்து நான் சிரித்தது அன்றுதான்.

முதற் சோடி விரல்கள் முரசு நிறத்தில் வந்தன. விறைத்த விரலுக்கு மேல் வளைந்த ஓர் உறை. மணிக்கட்டைத் திருப்பினால் மெல்லிய கம்பியொன்று இழுத்து, உறையின் நுனி கிற்றார்க் கம்பியில் போய் அமரும். நஸீர் பார்த்துவிட்டு, "ரீச்சர், கவனம். கொஞ்ச நாளிலை விரலிலை பல்லு முளைக்கும்" என்றான். நுனி மரத்தில் பட்டு டக் டக் என்று சத்தம் போட்டது. கொண்டுபோனார். அடுத்தது தோலை உரசிப் புண்ணாக்கியது. அதையும் கொண்டுபோனார். இப்படியே போய், சைக்கிள் ரியூப் ஒட்டிய ஒரு சோடி ஒருவாறாகக் கையில் இருந்தது. அந்த நத்தாருக்கு முன், கரோல் நிகழ்ச்சியில் மூன்று பாட்டு வாசித்தேன். முடிந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அடுத்த நாட் காலை நேசன் அண்ணை எங்கள் வீட்டுப் படலையடியில் நின்றார். சைக்கிளை விட்டு இறங்கவுமில்லை.

"பிள்ளை, அந்த ரெண்டையும் ஒருக்கால் தாரும்."

"ஏன் அண்ணை? நேற்று நல்லாத்தானே இருந்தது."

"நல்லா இருக்கேல்லை. மூன்றாவது பாட்டிலை எஃப் பிடிக்கேக்கை ஒரு இரைச்சல் வந்தது."

எஃப் என்பது கிற்றார் பழகும் எல்லோரையும் அழவைக்கும் பிடி. எனக்கு மடங்காத இரண்டு விரல்களும் அதற்குக் கட்டாயம் வேண்டும்.

"ஒருத்தருக்கும் கேக்கேல்லை அண்ணை."

"எனக்குக் கேட்டது. உமக்கும் கேட்டது. பொய் சொல்லாதையும்."

"கேட்டதுதான். இவ்வளவு நாளும் சும்மா இருந்தனான். உந்த இரைச்சலோடையே வாசிச்சிட்டுப் போறன், விடுங்கோவன்."

"உமக்குப் பரவாயில்லை எண்டால், அந்த எஃப் சரியாகிடுமே?"

உள்ளே போய் எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். வைத்தேன் என்பதைவிட அடித்தேன் என்று சொல்லலாம். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வெயிலில் பிடித்து நுனியைப் பார்த்தபடியே பெடலை மிதித்தார். அதன்பிறகு நான் கேட்ட ஒவ்வொரு முறையும் இந்தக் கிழமைக்குள்ளை என்றார். மாசியில் நஸீரின் குரற்பதிவு வந்தது.

செத்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே தவிப்பு. வந்தவர்கள் பெட்டியடியில் கும்பிட்டு நின்றுவிட்டு, மெதுவாக அந்தப் பக்க அறையை எட்டிப் பார்த்தார்கள். ஒருவருடைய கவ்வி, இன்னொருவருடைய கிற்றாரின் பாதி, தேவாலயத்து மைக். எல்லாம் கழற்றியபடி. நேசன் அண்ணையின் மனைவி ஜெசி அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "முதல் இந்த மனிசனை எடுப்பம். பிறகு உங்கடை சாமான்களை எடுக்கலாம். என்ரை மிக்சியின்ரை மோட்டரும் உதுக்குள்ளைதான் கிடக்கு." சொல்லும்போது சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

ஒரு கிழமை கழித்து என்னைக் கூப்பிட்டு, பொய்ப்பல் வைத்துக் கொடுக்கும் நீலப் பெட்டியொன்றைத் தந்தார். அதற்குள் என் இரண்டு விரல்களும் இருந்தன. நுனிகள் அறுக்கப்பட்டிருந்தன. கூடவே புதிய நுனிகள்: தோலில் ஒரு சோடி, போத்தல் தக்கையில் ஒரு சோடி, பாட்டா செருப்பின் ரப்பரில் ஒரு சோடி. எதுவும் ஒட்டப்படவில்லை. எதைத் தீர்மானித்திருந்தார் என்பது அவரோடு போய்விட்டது. முப்பத்தோராம் நாள் நினைவில் அவருக்குப் பிடித்த பாட்டை நான்தான் வாசிக்கவேண்டும் என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். அந்த விரல்கள் இல்லாமல் என்னால் முடியாது. எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போன ஒருவரோடு கோபப்படுவது எவ்வளவு களைப்பான வேலை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பதில் வராது, கோபமும் போகாது.

அன்றிலிருந்து கொப்பிகள் திருத்தும் மேசையில் வேறு வேலை நடந்தது. தோல் வழுக்கியது. தக்கை உதிர்ந்தது. செருப்பு ரப்பர் ஒலியை அமத்திவிட்டது. ரப்பருக்கு மேல் தோலை வைத்துப் பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலால் சுற்றிக் கட்டினேன். கழற்றினேன். இன்னொரு விதமாகக் கட்டினேன். ஏதோ ஒரு கட்டத்தில், நான் அவரைத் திட்டிக்கொண்டே அவரைப் போலவே நுனியை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

நினைவுநாளில் வாசித்தேன். பாட்டு கடைசிவரை ஓடியது. நடுவில் அந்த எஃப் வந்தது, கூடவே இரைச்சலும் வந்தது. சனத்துக்கு அது கேட்கவில்லை. நஸீர் மட்டும் அடித்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். சாப்பாட்டு நேரத்தில் ஜெசி அக்கா என் கையைப் பிடித்து, "நல்லா இருந்தது பிள்ளை. அவர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்றார்.

"இல்லை அக்கா. ஒரு சின்ன வேலை கிடக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு விதமாகப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய், அண்ணையின் சட்டைப் பையில் எப்போதும் இருந்த அந்தக் குட்டி ஸ்குறூ டிரைவரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். என் விரல்களைத் தவிர, நேசன் அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பவை அதுவும், அந்த எஃப்பின் இரைச்சலும்தான். இரைச்சல் பாடம் நடத்தும்போதும் காதுக்குள் இருக்கிறது.

இதை எழுதும்போது விரல்கள் இரண்டும் என் மேசையில் கழற்றியபடி கிடக்கின்றன. பக்கத்தில், அவருடைய அறையிலிருந்து நான் எடுத்துவந்த நஸீரின் பெடல், அதுவும் கழற்றியபடி. எப்போது தருவீர்கள் என்று நேற்றுக் கேட்டான்.

"இந்தக் கிழமைக்குள்ளை" என்றேன்.