ஏறும் இடம் தாம்பரம்

கப்பலிலிருந்து இறங்கிய அன்று என் மனைவி என்னை விட்டுப் போகவிருந்தாள். எங்கள் இருவருக்கும் அது தெரியும், மகளுக்குத் தெரியாது. கப்பல் பயணமே மகள் கொடுத்ததுதான். நாவலூரில் வேலை பார்க்கிறவள், எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கென்று மூன்று நாள் கடலைச் சுற்றிவரும் டிக்கெட்டைக் கையில் கொடுத்து, இருவரையும் நெருங்கி நிற்கச் சொல்லிப் படமும் எடுத்துக்கொண்டாள். அந்தப் படத்தில் நாங்கள் நன்றாகவே சிரித்திருக்கிறோம்.

அதற்கு ஒரு மாதம் முன்பே பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் மனைவிக்கு வேலை உறுதியாகிவிட்டது. அவளுடைய அக்கா வீட்டு மாடி காலியாக இருந்தது. "ஒரு வருஷம் அங்க இருந்து பாக்கிறேன்" என்றாள். "சரி" என்றேன். குடி இல்லை, கை நீட்டியதில்லை, வேறு பெண் இல்லை. சேலையூர் வீட்டில் எங்களுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. அவளுடைய குறையும் அதுதான். நான் வேதக்கோயில் பெஞ்சில் உட்கார்வதுபோல் அவள் பக்கத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தேன், ஞாயிறுதோறும் அதே இடம், முன்னால் அதே முதுகு.

"பிள்ளை ஆசையா குடுத்திருக்கா. போயிட்டு வந்துருவோம்" என்று அவளேதான் சொன்னாள். "ஆனா கப்பல்லருந்து எறங்கி நான் அப்படியே ரயிலேறிடுறேன். எழும்பூருக்கு அங்கருந்து பத்து நிமிஷம். வீட்டுக்குத் திரும்பி வந்தேன்னா அப்புறம் எனக்குப் போக மனசு வராது."

கடைசி வாக்கியத்தை அவள் சாதாரணமாகச் சொன்னாள், அரிசி களைந்துகொண்டே. நான் கேட்டேன். கேட்டுக்கொண்டு ரயில் டிக்கெட் எடுக்கப் போனேன்.

அப்படித்தான் அவளுடைய பெரிய பெட்டியும் எங்களோடு கடலுக்கு வந்தது. மூன்று நாளுக்கு ஒரு சின்னப் பெட்டி போதும். பெரியதில் ஒரு வருடம் இருந்தது, பருத்திப் புடவைகள், சான்றிதழ்கள், பைபிள், அவள் அம்மாவின் இட்லித் தட்டு. கப்பல் அறையில் அதை வைக்க வேறு இடமில்லாமல் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நிறுத்தினோம். இரவில் கப்பல் லேசாகச் சாயும்போது அது தன் சக்கரத்தில் ஒரு விரல் அளவு அவள் பக்கம் போகும், ஒரு விரல் அளவு என் பக்கம் வரும். நான் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே கறுப்பாகத் தண்ணீர், தண்ணீர், தண்ணீர். மேல்தளத்தில் யாரோ பாட்டுக்கு ஆடினார்கள். பேச வேண்டும் என்று நினைத்தேன், நாளைக்கு, நாளைக்கு என்று. மூன்று நாளைக்குள் எத்தனை நாளை இருந்துவிடும்?

கப்பலில் ஒரு வழக்கம் இருக்கிறது. இறங்குவதற்கு முந்தைய நாளே பெட்டிகளில் நிற அட்டை கட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும். அவர்களே கரைக்குக் கொண்டுபோவார்கள், மறுநாள் நம் நிறத்தைக் கூப்பிடும்போது நாம் இறங்கலாம். அவள் பெரிய பெட்டியைத்தான் முதலில் உருட்டி வைத்தாள். கதவைச் சாத்தித் திரும்பியபோது கட்டில்களுக்கு நடுவே அந்த இடம் காலியாகக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். "விளக்க அணைக்கட்டுமா" என்றேன்.

மறுநாள் எங்கள் பச்சை நிறம் கடைசியில் வந்தது. துறைமுகக் கூடத்தில் பெட்டிகள் வரிசையாக நின்றன. மாலை போட்ட புதுத் தம்பதிகள், தொப்பி போட்ட பெரியவர்கள், எல்லோர் முகத்திலும் வெயில் ஏறிய சந்தோஷம். வேன் எங்களைத் துறைமுக வாசலில் இறக்கிவிட்டது. நடக்கும்போது தரை இன்னும் கப்பலைப்போல அசைந்தது. ஓர் ஆட்டோவை நிறுத்தி "எழும்பூர் ஸ்டேஷன்" என்றேன். பெரிய பெட்டி பின்சீட்டில் எங்களுக்கு நடுவே ஏறிக்கொண்டது. சின்னதை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"டிக்கெட்ட என் போனுக்கு அனுப்பிடுங்க" என்றாள்.

திறந்து பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. திருநெல்வேலி வண்டி, அன்றைய தேதி, ஓர் ஆள், எல்லாம் சரி. ஏறும் இடம் தாம்பரம்.

தாம்பரம் பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. தெற்கே போகும் எந்த வண்டிக்கும் டிக்கெட்டை எழும்பூரிலிருந்து எடுப்போம், இடம் அதிகம் என்று. ஏறுவதை மட்டும் தாம்பரத்துக்கு மாற்றிவிடுவோம். வண்டி அங்கே நிற்பது இரண்டு நிமிடம். ஆனாலும் அது நம் ஸ்டேஷன். இருபது வருடமாக நான் ஒருமுறைகூட எழும்பூரில் ஏறியதில்லை. விரல் தானாகப் போய்த் தாம்பரத்தைத் தொட்டிருக்கிறது.

சொன்னேன். அவள் வெளியே பார்த்தாள். ஆட்டோக்காரர்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் நீ. எழும்பூர் தோ கீது, தாம்பரத்துல போய் ஏறுவேன்ற."

"ஆட்டோவுல போயிடலாமா அண்ணா?"

"இந்த டைமுக்கு கிண்டி தாண்டறதுக்குள்ள பேஜாராயிடும். பீச் டேஷன்ல வுட்டுர்றேன், எலட்ரிக்ல போய்க்கினே இரு." கொஞ்ச தூரம் போனதும் அவருக்கே சிரிப்பு வந்தது. "கப்பல்லேர்ந்து எறங்குன ஆளு எலட்ரிக் ட்ரெய்ன் புடிக்க ஓடறத இன்னிக்குத்தான் பாக்கறேன் சார்."

கடற்கரை நிலையத்தில் காலி வண்டி நின்றது. பெட்டியைக் கதவோரமாக நிறுத்தி எதிரெதிரே உட்கார்ந்தோம். பார்க் நிலையத்தில் நீலச் சீருடை போட்ட ஓர் அம்மா ஏறினாள், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை முடித்து வருகிறவள்போல. பெட்டியில் முழங்கால் இடித்துக்கொண்டாள்.

"யக்கா, இன்னா துபாய்க்கா போற? இம்மாம் பெரிய பொட்டி."

"திருநெல்வேலிக்கு" என்றாள் என் மனைவி.

"அய்ய, அதுக்கு எழும்பூர்ல எறங்கணுமே. அடுத்த டேஷன்தான், எந்திரி எந்திரி."

"டிக்கெட் தாம்பரத்துலருந்து."

"யாரு போட்டது?"

அவள் என்னைக் காட்டினாள். அந்த அம்மா என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இனி என்னோடு பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று முடிவுசெய்தவள்போல் அவள் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

எழும்பூர் வந்தது. பக்கத்து நடைமேடையில் அவளுடைய வண்டி ஏற்கெனவே நின்றது, கழுவி விட்ட ஜன்னல்களோடு, திருநெல்வேலி என்ற பலகையோடு. புறப்பட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. எட்டி நடந்தால் ஐம்பது அடி.

"இங்கயே ஏறிக்கக் கூடாதா?" என்று அவள் பாதி எழுந்தாள்.

"மாத்துன எடத்துலதான் ஏறணும். ரூல் அப்படி. டிடிஇ எதாச்சும் சொல்லுவாரு."

"டிடிஇ இன்னா கடிச்சா வெச்சிருவாரு?" என்றாள் அந்த அம்மா. "ஏறிக்க யக்கா நீ. ஆம்பள பேச்சக் கேட்டா ஆனாப்புலதான்."

கதவு வழியாக வெயில் விழுந்தது. ஒரு கை பெட்டியின் பிடியில், ஒரு கை கம்பியில், அவள் நின்றுகொண்டிருந்தாள். எலக்ட்ரிக் வண்டி எங்கும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்காது. அந்த அரை நிமிடம் என் வாழ்க்கையில் எல்லா நிமிடத்தையும்விட நீளமாகப் போயிற்று, நான் அதைக்கூட எதற்கும் உபயோகிக்கவில்லை. வண்டி நகர்ந்தது. அவள் உட்கார்ந்தாள்.

சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம். மாம்பலத்தில் ஒரு கூட்டம் ஏறி எங்களுக்கு நடுவில் நின்றது. சைதாப்பேட்டை ஆறு கறுப்பாக, கலங்காமல் கிடந்தது. மூன்று நாளாகப் பார்த்த அவ்வளவு தண்ணீருக்குப் பிறகு அந்தக் கொஞ்சத் தண்ணீர் என்னை என்னவோ செய்தது. கிண்டியில் கூட்டம் இறங்கியது, அந்த அம்மாவும் இறங்கினாள், "பாத்துப் போ யக்கா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டு. எங்களுக்கு நடுவில் இடம் வெளிச்சமாயிற்று.

அவள் முன்னால் சாய்ந்து கேட்டாள். குரல் தாழ்ந்திருந்தது, கோபம் அதில் இல்லை.

"வேணும்னுதான் தாம்பரம்னு போட்டீங்களா?"

இந்தக் கேள்வியை நான் பிறகு எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் போக மனசு வராது என்று சொன்னவள் அவள். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடு ஷேர் ஆட்டோவில் பத்து நிமிடம். அவள் முகத்தில் இருந்தது சந்தேகம் என்று அப்போது நினைத்தேன். இல்லை. அவ்வளவு காலத்துக்கு அப்புறம் அவளைப் போகவிடாமல் நான் ஒரு திருட்டுத்தனமாவது செய்திருப்பேனா என்று அவள் பார்த்தாள். செய்திருக்க வேண்டும் என்று பார்த்தாள்.

"சே, இல்ல" என்றேன். "பழக்கத்துல போட்டுட்டேன்."

உண்மையைத்தான் சொன்னேன். அவள் மெல்லத் தலையாட்டிவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டாள். மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் மிகத் தாழ்வாக இறங்கியது, அவள் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று நம் ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து கதவில் நின்று போயின. இதில் எந்த ஊரில் வேண்டுமானாலும் நான் வாயைத் திறந்திருக்கலாம்.

தாம்பரத்தில் லிஃப்டுக்கு வரிசை நின்றது. பெட்டியைத் தோளில் வைத்து மேம்பாலப் படியேறினேன். மேலே நின்று மூச்சு வாங்கியபோது கிழக்குப் பக்கம் எல்லாம் தெரிந்தது, ஷேர் ஆட்டோக்கள், "சேலையூர் சேலையூர் கேம்ப் ரோடு" என்று கூவும் குரல், பூக்கடை, அதற்கப்பால் மரங்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

ஒன்றே கால் மணி நேரம் காத்திருந்தோம். அவள் கிழக்குப் பக்கத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாமா என்று கேட்க எனக்கு அவ்வளவு நேரமும் இருந்தது. அந்த வாக்கியம் தொண்டையில் முழுசாக இருந்தது, சொல் சொல்லாக எண்ணக்கூட முடிந்தது.

"தண்ணி பாட்டில் வாங்கட்டுமா?" என்றேன்.

"வாங்குங்க."

வாங்கி வந்தேன். அவளுடைய ரயில்பெட்டி எங்கே நிற்கும் என்று விளக்குப் பலகையைப் பார்த்து நகர்ந்து நின்றோம், மறுபடி நகர்ந்தோம். வண்டி வந்தது. இரண்டு நிமிடம் என்பது ஒரு பெரிய பெட்டியை ஏற்றவே சரியாக இருக்கும். முன்னால் ஒரு குடும்பம் அட்டைப்பெட்டிகளோடு ஏறிக்கொண்டிருந்தது, நான் அவர்களுக்கு நடுவே புகுந்து பெட்டியை உள்ளே தள்ளி, அவள் இருக்கைக்கு மேல் தூக்கி வைத்து, கீழே குதித்தேன். அவள் கதவருகே வந்து நின்றாள்.

"மாத்திரைய காலைல சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க. வெறும் வயித்துல போடாதீங்க" என்றாள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

பெருங்களத்தூர் பக்கம் கடைசிப் பெட்டி வளைந்து மறையும்போது போன் அடித்தது. மகள்.

"அப்பா, எறங்கியாச்சா? கப்பல் எப்படி இருந்துச்சு? அம்மா ஏன் போன எடுக்க மாட்டேங்கறா?"

"நல்லா இருந்துச்சும்மா. தாம்பரம் வந்துட்டோம்."

"அம்மாகிட்ட குடுங்க."

சின்னப் பெட்டி என் காலருகே நின்றது. செங்கல்பட்டு எலக்ட்ரிக் வண்டிக்கான அறிவிப்பு மூன்று மொழியிலும் முடிந்தது. பிறகும் மகள் லைனில் இருந்தாள்.

"அம்மா ஊருக்குப் போயிட்டா" என்றேன். "அங்க வேலை கெடச்சிருக்கு. இப்பதான் வண்டி போச்சு."

அந்தப் பக்கம் அலுவலகச் சத்தம் கேட்டது, யாரோ சிரித்தார்கள், ஒரு கதவு மூடியது. அவள் எங்கோ தனியாகப் போய் நின்றிருக்க வேண்டும். அம்மா ஏன் போனாள் என்று கேட்பாள், எப்போது வருவாள் என்று கேட்பாள் என்று நினைத்து அதற்கெல்லாம் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

"போக வேணாம்னு நீங்க சொன்னீங்களாப்பா?"

"இல்ல" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. எலக்ட்ரிக் வண்டி வந்து நின்று, ஆட்களை இறக்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.