வீடியோ காலில் நான் போட்ட சத்தம்

அம்மனை நம்பி வாழும் சொந்தங்களே, கொரோனா காலத்தில் என் வீட்டுக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது நான் சுவா சூ காங்கில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டேன். கூடப் போக அனுமதியில்லை. நானும் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு.

இரண்டு நாள் கழித்து வார்டிலிருந்து வீடியோ கால் வந்தது. பேசியவர் மீனா என்ற தாதி. என் வீட்டுக்காரர் ஆக்சிஜன் மாஸ்கைக் கழற்றிக்கொண்டே இருக்கிறாராம். இப்படியே போனால் தொண்டைக்குள் குழாய் போட வேண்டும், அப்புறம் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நான் பேசினால் கேட்பார் என்று போனை அவர் பக்கம் திருப்பினார்.

என் வாய் எப்படிப்பட்டது என்று எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கே தெரியும். அன்று பயத்தில் குழைந்துபோனேன். "நீங்கதாங்க எனக்கு எல்லாமே. ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சிருங்க" என்று அழுதேன். அவர் முகம் வெளுத்தது. மாஸ்கைப் பிடுங்கி எறிந்தார். வீடியோ கால் கட்டாகிவிட்டது.

சாமி படத்தின் முன் விழுந்தேன். தோ பாயோ அம்மன் கோவிலுக்கு ஓடக்கூட வழியில்லை. தாயே, நான் என்ன பேசினால் அவர் கேட்பார், நீயே சொல் என்று கதறினேன்.

போன் மறுபடி அடித்தது. மீனாதான்.

"ஆன்ட்டி, அங்கிள் ரொம்பப் பயந்துட்டார் லா. 'என் பொண்டாட்டி இவ்வளவு அன்பா பேசுறான்னா நான் பிழைக்க மாட்டேன், என்னை விட்டுருங்க'ங்கிறார்."

எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! போனை அவர் பக்கம் திருப்பச் சொன்னேன்.

"என்னங்க, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? யாரு உங்களைச் சாகச் சொன்னது? மாஸ்க்க மாட்டுங்க மொதல்ல. இன்னொரு தடவை கழட்டுனீங்க, நடக்கிறதே வேற!"

வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். அவர் என்னையே பார்த்தார். பிறகு அவர் கை மெதுவாக மாஸ்கைத் தேடியது. மீனா எடுத்து மாட்டிவிட்டார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகு தினமும் வீடியோ காலில் திட்டு. தினமும் கொஞ்சம் மூச்சு. குழாய் போடாமலே வீடு திரும்பினார். அந்த வார்த்தையைத் தந்தது அம்மன்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேருக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்த நான் இப்போது ஒரு வெள்ளிக்கிழமையைக்கூட விடுவதில்லை. அவரும் கூட வருகிறார்.

சரியாக வேண்டத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். உங்கள் வாய்க்கு எப்படி வருகிறதோ அப்படியே அவளைக் கூப்பிடுங்கள். என் சத்தத்துக்கே வந்தவள், உங்களுக்கு வராமலா போய்விடுவாள்?